மணிகர்ணிகையில் நின்று அழுத பெண்ணுக்கு ஒரு பதில்

மதுரையிலிருந்து தனியாகக் காசிக்குப் போயிருக்கும் 23 வயதுப் பெண் கேட்டிருந்த கேள்வி இது. முதல் நாள் சாயங்காலம் மணிகர்ணிகா காட் பக்கம் போய் நின்றிருக்கிறாள். ஏழெட்டுச் சிதைகள் ஒரே நேரத்தில் எரிந்துகொண்டிருந்தன. ஒருவர் வந்து "இங்கே நிற்காதே, மேலே வா" என்று பக்கத்திலிருந்த பழைய கட்டடத்துக்குக் கூட்டிப்போய், கதையெல்லாம் சொல்லி, கடைசியில் ஏழைகளுக்கு விறகு வாங்கவென்று பணம் கேட்டிருக்கிறார். பயத்தில் 1,500 ரூபாய் கொடுத்துவிட்டு அறைக்கு ஓடி வந்து அழுதிருக்கிறாள். அம்மாவுக்குப் போன் செய்தால் "பொம்பளைப் பிள்ளை சுடுகாட்டுக்குப் போவியா" என்று திட்டு. நான் செய்தது தப்பா, அந்தத் தீட்டோடு விசுவநாதர் கோயிலுக்குப் போகலாமா, அங்கே யாருமே ஏன் அழவில்லை, இன்னும் நான்கு நாள் இருக்கிறது, திரும்பப் போகலாமா என்பதெல்லாம் அவள் கேட்டது.

என் மகள் வயதுதான் உனக்கு, அதனால் 'நீ' என்றே எழுதுகிறேன். என் கணவருக்குக் காசியில் வேலை. 11 வருடம் அனுமான் காட் பக்கத்துச் சந்து ஒன்றில் குடியிருந்தோம். பிணம் எரிக்கிற இன்னொரு படித்துறையான அரிச்சந்திரா காட் அங்கிருந்து கூப்பிடு தூரம். சமையல் செய்துகொண்டிருக்கும்போது "ராம் நாம் சத்ய ஹை" (ராம நாமமே சத்தியம்) என்று பாடை தூக்குகிறவர்களின் சத்தம் சந்து வழியாகப் போகும், ஒரு நாளைக்கு எத்தனை தடவை என்று ஆரம்பத்தில் எண்ணினேன், அப்புறம் விட்டுவிட்டேன். என் மாமியார் காலமானதும் அந்த ஊரில்தான், அவரை எரித்ததும் அந்தப் படித்துறையில்தான்.

நீ செய்ததில் தப்பு எதுவும் இல்லை. ஆனால் போன விதத்தில் ஒரு கோளாறு. நீ அதைப் பார்க்க வேண்டிய இடம் என்று நினைத்துப் போயிருக்கிறாய், உன்னைச் சொல்லிக் குற்றமில்லை, பயணம் பற்றிச் சொல்கிற எல்லோரும் அப்படித்தான் சொல்லி அனுப்புகிறார்கள். அது ஒரு இழவு வீடு. கூரை இல்லாத, கதவு இல்லாத, இருபத்து நான்கு மணி நேரமும் யாரோ ஒருவருடைய இழவு வீடு. அப்படி மட்டும் நினைத்துக்கொண்டு போனால் அங்கே என்ன செய்யலாம், எதைச் செய்யக்கூடாது என்று யாரும் உனக்குச் சொல்லித்தர வேண்டாம், எல்லாம் உனக்கே தெரியும். பக்கத்துத் தெருவில் துக்கம் என்றால் நீ எப்படிப் போவாய்? முகத்தில் சிரிப்பு இருக்காது, போன் பைக்குள் இருக்கும், முன்னால் போய் நிற்கமாட்டாய், ஓரமாக உட்கார்ந்திருந்துவிட்டுச் சொல்லிக்கொள்ளாமல் எழுந்து வருவாய். "போயிட்டு வர்றேன்" என்று துக்க வீட்டில் யாரும் சொல்வதில்லை, இல்லையா? மணிகர்ணிகையிலும் அவ்வளவுதான்.

முதலில் அந்த ஆளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உன் பயத்தில் பாதி அவரால் வந்தது. மணிகர்ணிகையில் இது பல வருடங்களாக நடக்கிறது. மேல் மாடத்துக்குக் கூட்டிப்போவார்கள், "இது சாகக் காத்திருப்பவர்கள் தங்கும் இடம், நான் இங்கே சேவை செய்கிறேன்" என்பார்கள், ஒரு வயதான அம்மாவைக் காட்டி அவரிடம் ஆசீர்வாதம் வாங்கச் சொல்வார்கள், ஒரு கிலோ விறகு இவ்வளவு, நீ எத்தனை கிலோ தருகிறாய் என்று நெருக்குவார்கள், தராவிட்டால் உனக்குக் கர்மா சேரும் என்று மிரட்டுவார்கள். பிணம் கொண்டுவந்த எந்தக் குடும்பமும் வேடிக்கை பார்க்க வந்தவரிடம் விறகுக்குக் கை நீட்டாது. சாவை எதிர்பார்த்து வருகிறவர்கள் தங்கும் இடங்கள் காசியில் உண்மையாகவே இருக்கின்றன, முக்தி பவன் 1958 முதல் நடக்கிறது, கோதௌலியா பக்கம், சாதாரண அறைகள், பொதுவாக இரண்டு வாரம் வரை தங்கவிடுவார்கள், பஜனை நடக்கும், அங்கிருந்து யாரும் படித்துறைக்கு வந்து ஆள் பிடிப்பதில்லை. போன பணம் போகட்டும். அடுத்த தடவை யாராவது கூட வந்தால் "நஹி சாஹியே பையா" (வேண்டாம் அண்ணா) என்று ஒரு தடவை சொல்லிவிட்டு நடந்துகொண்டே இரு, நின்று பதில் சொல்லாதே.

சரி, ஏன் யாரும் அழவில்லை என்கிற கேள்வி. இதற்குக் காசியில் யாரைக் கேட்டாலும் ஒரே பதில் வரும். இங்கே சாகிறவருக்கு மறுபிறவி இல்லை, கடைசி மூச்சில் சிவனே வந்து வலது காதில் தாரக மந்திரத்தை ஓதுகிறார், யமனுக்கு இந்த ஊரில் அதிகாரம் கிடையாது, அதனால் இது அழ வேண்டிய சாவு இல்லை, அழுதால் கிளம்புகிற உயிருக்கு அது தடை. இதை அவர்கள் மனசார நம்புகிறார்கள். நம் ஊரிலும் பேரன் பேத்தி எடுத்து, எள்ளுப்பேரன் பார்த்துப் போனால் அதைக் கல்யாணச் சாவு என்கிறோம், பறையும் வேட்டுமாக அனுப்பி வைக்கிறோம். அந்த மாதிரிதான்.

ஆனால் அது மட்டும் காரணமில்லை, நீ பார்த்தது பாதிதான் என்பதையும் சொல்ல வேண்டும். காசிக்கு வருகிற பிணங்களில் பெரும்பகுதி வெளியூரிலிருந்து வருபவை. காஜிபூர், ஜௌன்பூர், பலியா, பீகார் எல்லைக் கிராமங்கள், அங்கிருந்து ஜீப்பின் மேல் மூங்கில் பாடையைக் கட்டி, உள்ளே பத்துப் பன்னிரண்டு ஆண்கள் நெருக்கி உட்கார்ந்து, மூன்று நான்கு மணி நேரம் வருகிறார்கள். அழுகையெல்லாம் வீட்டு வாசலில் நடந்து முடிந்திருக்கும். அழுதவர்களில் பெண்கள்தான் அதிகம், அவர்கள் வண்டியில் ஏறுவதே இல்லை. அந்த ஊர்களில் பெண்கள் அழுகிற அழுகை நம் ஒப்பாரிக்குச் சற்றும் குறைந்ததில்லை, செத்தவரைப் பேர் சொல்லி, உறவு சொல்லி, ராகம் போட்டு அழுவார்கள். நீ பார்த்த ஆண்கள் ராத்திரி முழுக்கத் தூங்காதவர்கள், பட்டினி, விறகு வியாபாரியிடம் விலை பேச வேண்டும், நாவிதரைப் பிடிக்க வேண்டும், புரோகிதருக்கு, படகுக்கு, எல்லாவற்றுக்கும் காசு எண்ண வேண்டும், ஓரமாக ஒரு டீ குடித்துக்கொண்டு நிற்பார்கள். அதைப் பார்த்து உனக்குக் கல்நெஞ்சம் என்று தோன்றியிருக்கலாம். மதுரையில் தத்தனேரி மயானத்துக்கு வெளியே டீக்கடையில் யார் நிற்கிறார்கள் என்று அடுத்த தடவை கவனித்துப் பார்.

முறை என்னவென்று தெரிந்தால் பயம் குறையும், அதையும் சொல்கிறேன். பாடையைக் கொண்டுவந்ததும் முதலில் கங்கையில் முக்குவார்கள், அப்புறம் படியில் கிடத்திக் கொஞ்சம் காய விடுவார்கள். ஆணுக்குப் பெரும்பாலும் வெள்ளைத் துணி, சுமங்கலிக்குச் சிவப்பு, மேலே மஞ்சளும் ஜரிகையுமாக மின்னுகிற ஒரு துணி போர்த்தியிருக்கும், அதை எரிப்பதற்கு முன் எடுத்துவிடுவார்கள். கொள்ளி வைக்கிறவர் மொட்டை அடித்து, தைக்காத வெள்ளை வேட்டியில் இருப்பார், கூட்டத்தில் அவரைச் சட்டென்று அடையாளம் தெரியும். விறகு ஒரு பிணத்துக்கு 200 கிலோவிலிருந்து 300, அதற்கு மேலும் போகும், பெரிய தராசில் நிறுத்துத் தருவார்கள், மா விறகுதான் அதிகம், சந்தனக் கட்டை வாங்க எல்லோராலும் முடியாது, அதனால் சந்தனத் தூளை மேலே தூவுவார்கள். நெய் ஊற்றுவார்கள், 'ரால்' என்று ஒரு பொடி போடுவார்கள், தீ குபீரென்று எழும். அது வேறொன்றும் இல்லை, நம் குங்கிலியம்தான். உனக்கு அந்த வாசனை வீட்டு வாசனை மாதிரி இருந்தது, அதுதான் இன்னும் கலக்கியது என்று எழுதியிருந்தாயே, காரணம் அதுதான்.

தீயை யாரும் தீக்குச்சி கிழித்துப் பற்றவைப்பதில்லை. மணிகர்ணிகையில் அணையாமல் ஒரு நெருப்பு காக்கப்படுகிறது, அது தலைமுறை தலைமுறையாகப் பிணம் எரிக்கிற டோம் மக்களின் பொறுப்பு. அவர்களிடம் கட்டணம் கொடுத்து, நாணல் புல் கற்றையில் அந்த நெருப்பை வாங்கி, சிதையை ஐந்து முறை சுற்றி வந்து தலைமாட்டில் வைப்பார்கள். நம் ஊரில் கொள்ளிக்குடத்தைத் தோளில் வைத்து மூன்று சுற்று, ஒவ்வொரு சுற்றுக்கும் குடத்தில் ஒரு ஓட்டை, கடைசியில் குடத்தைப் பின்னால் போட்டு உடைத்து, திரும்பிப் பார்க்காமல் கொள்ளி வைத்துவிட்டு வந்துவிடுகிறோம். அங்கே கொள்ளி வைத்தவர் மூன்று மணி நேரம், சில சமயம் அதற்கு மேலும், எரிந்து முடிகிற வரை அங்கேயே இருக்க வேண்டும். நடுவில் மண்டையோட்டை மூங்கிலால் தட்டுவது கபால கிரியை, உயிர் வெளியேற வழி விடுவது என்று அர்த்தம். நீ அதைப் பார்த்துத்தான் பயந்தாய் என்று நினைக்கிறேன். அதைச் செய்வது மகன், கோபத்தில் அடிப்பதில்லை. கடைசியில் ஆணுக்கு நெஞ்செலும்பும் பெண்ணுக்கு இடுப்பெலும்பும் மிஞ்சும் என்பார்கள், அதைக் கங்கையில் விட்டு, ஒரு மண்பானைத் தண்ணீரை இடது தோள் வழியாகப் பின்னால் எறிந்து சிதையின் மேல் விழச்செய்து, திரும்பிப் பார்க்காமல் படியேறிவிடுவார்கள். அந்தத் திரும்பிப் பார்க்காமல் போவது மட்டும் இரண்டு ஊரிலும் ஒன்று. நமக்கு அடுத்த நாள் பால் தெளிப்பு, எலும்பு பொறுக்குவது எல்லாம் இருக்கிறது. அங்கே எல்லாம் அன்றைக்கே ஆற்றோடு போய்விடும். ராத்திரியிலும் நிற்காது, நம் பக்கம் பொழுது சாய்ந்தால் எரிக்கத் தயங்குவார்கள், அங்கே பகல் ராத்திரி என்ற கணக்கே இல்லை. மழைக்காலத்தில் கங்கை ஏறிப் படிகள் முங்கிவிட்டால் மணிகர்ணிகையில் மேல்தளத்தில் எரிப்பார்கள், அரிச்சந்திராவில் சந்துக்குள்ளேயே எரிக்க வேண்டி வரும்.

எல்லோரையும் எரிப்பதில்லை. சந்நியாசி, கைக்குழந்தை, கர்ப்பிணி, பாம்பு கடித்து இறந்தவர் இவர்களை எரிக்காமல் கல் கட்டி ஆற்றில் விடுவது அங்கே பழைய வழக்கம். நம் பக்கமும் குழந்தையைப் புதைப்போம், சந்நியாசிக்குச் சமாதி வைப்போம்.

டோம் மக்களைப் பற்றி இரண்டு வார்த்தை. அவர்கள் இல்லாமல் காசியில் ஒருவருக்கும் மோட்சம் இல்லை, அரச குடும்பமாக இருந்தாலும் அவர்கள் கையிலிருந்துதான் தீ வர வேண்டும். அவர்கள் தலைவரை டோம் ராஜா என்பார்கள், ஜகதீஷ் சௌத்ரி என்ற டோம் ராஜாவுக்கு அவர் இறந்த பிறகு 2021இல் பத்மஸ்ரீ அறிவித்தார்கள். ஆனால் அவர்கள் வீட்டில் ஒரு தம்ளர் தண்ணீர் வாங்கிக் குடிக்காதவர்கள் அந்த ஊரில் நிறையப் பேர் இருந்தார்கள், என் கண்ணால் பார்த்திருக்கிறேன், எனக்கு அது கடைசி வரை ஜீரணமாகவில்லை. நம் ஊரில் வெட்டியானை எந்தத் தெருவில் வைத்திருக்கிறோம் என்பதும் எனக்குத் தெரியும்.

உனக்கு அரிச்சந்திரன் கதை தெரிந்திருக்கும். பொய் சொல்லாத ராஜா, நாட்டை இழந்து, மனைவி பிள்ளையை விற்று, கடைசியில் தன்னையே விற்று மயானம் காத்தான் அல்லவா, அந்த மயானம் காசியில்தான். பாம்பு கடித்த மகனைத் தூக்கிக்கொண்டு சந்திரமதி வருகிறாள், தன் பிள்ளை என்று தெரிந்தும் கால் பணமும் முழத்துண்டும் கேட்டு நிற்கிறான். நம் பக்கம் எத்தனையோ சுடுகாட்டு வாசலில் அரிச்சந்திரன் கோயில் என்று ஒரு சின்ன மாடமோ ஒரு கல்லோ இருக்கும், பாடையை அங்கே இறக்கி, அரிச்சந்திரனிடம் உத்தரவு வாங்கிக்கொண்டுதான் உள்ளே போவார்கள். என் ஊரில் வெட்டியான் ஒரு பாட்டும் பாடுவார். அந்தப் பெயரைச் சின்ன வயதிலிருந்து கேட்டுவிட்டு, அரிச்சந்திரா காட் என்று பலகை எழுதியிருக்கும் இடத்துக்குப் பக்கத்தில் குடிபோனபோது எனக்கு முதல் ஒரு மாதம் என்னவோ செய்தது.

பெண்கள் போகலாமா என்பதற்கு வருகிறேன். அங்கேயும் வழக்கம் வராததுதான். இறந்தவர் வீட்டுப் பெண்கள் அழுது உயிரைப் பிடித்து வைத்துவிடுவார்கள் என்பார்கள், மனம் தாங்காது என்பார்கள், முன்பு உடன்கட்டை ஏறிவிடுவார்களோ என்ற பயம் என்றும் சொல்வார்கள். இப்போது சில குடும்பங்களில் வருகிறார்கள், மகளே கொள்ளி வைப்பதும் நடக்கிறது. வெளியூர்ப் பெண்கள் மேலே படியில் நின்றால் யாரும் துரத்துவதில்லை.

என் மாமியார் போனது ஒரு ஜனவரியில். எதிர்ப்படி தெரியாத பனி. தெருமுனையோடு நில் என்றார்கள், நான் நிற்கவில்லை, கேட்காமலே பின்னால் நடந்துபோய் மேல்படியில் உட்கார்ந்துவிட்டேன். ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. கீழே விறகு நிறுக்கிற பையன், இருபது வயது இருக்கும், என் கணவரிடம் "மாதாஜி எவ்வளவு எடை இருப்பார்?" என்று கேட்டான். விறகுக் கணக்குக்காகக் கேட்கிறான், வழக்கமான கேள்விதான். இரண்டு வருடம் அம்மாவைக் குளியலறைக்குத் தூக்கிப்போய்த் தூக்கி வந்தவர் அவர். "முப்பத்தெட்டு கிலோ" என்று சொல்லிவிட்டு ஆற்றைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். மொட்டைத் தலையில் பனித்தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது, அதைத் துடைக்கிற மாதிரி முகத்தையும் துடைத்துக்கொண்டார். அந்த நேரத்தில் படியின் அந்தப் பக்கம் யாரோ ஒருவர் தூக்கிப் பிடித்த போனோடு நின்றிருந்தார். எங்களைத்தான் எடுத்தாரா, ஆற்றை எடுத்தாரா, தெரியாது. இன்றைக்கும் எங்கோ ஒரு போனில் என் கணவர் முகத்தைத் துடைப்பது இருக்கிறதோ என்று நினைப்பேன். அதனால்தான் சொல்கிறேன், படம் வேண்டாம். படகிலிருந்து தூரத்தில் எடுத்தால் பரவாயில்லை என்று படகுக்காரர் சொல்வார், அதுவும் வேண்டாம். எரிகிற தீ மட்டும்தான் வருகிறது என்று நீ நினைப்பாய், அந்தத் தீக்குள் ஒருவருடைய அம்மா இருக்கிறார்.

அதனால் திரும்பப் போவதாக இருந்தால் காலையில் போ, அரிச்சந்திராவுக்குப் போ, மணிகர்ணிகை அளவு கூட்டமும் தொல்லையும் அங்கே இருக்காது. அங்கே விறகில்லாமல் எரிக்கிற தகன மேடையும் இருக்கிறது, விறகுக்கு வழியில்லாதவர்களுக்கு அது பெரிய உதவி. மேலே ஒரு ஓரத்தில் உட்கார், துப்பட்டாவைத் தலையில் போட்டுக்கொள், கொஞ்ச நேரம் இரு, எழுந்து வா. இருட்டிய பிறகு அந்தச் சந்துகளில் தனியாக வேண்டாம்.

அடுத்தது தீட்டு. உன் அம்மா சொல்வதை நான் தள்ளிவிடமாட்டேன், துக்க வீட்டுக்குப் போய்வந்தால் தலைக்குக் குளித்துவிட்டுத்தான் மற்ற வேலை என்று வளர்ந்தவள்தான் நானும். குளித்துவிட்டுக் கோயிலுக்குப் போ, அவ்வளவுதான், உன் மனசுக்கும் நன்றாக இருக்கும். ஆனால் காசிக்காரர்கள் கணக்கு வேறு. மற்ற ஊரில் சுடுகாடு ஊருக்கு வெளியே இருக்கும், இங்கே ஊரின் நட்டநடுவில், படித்துறை வரிசையின் மத்தியில் இருக்கிறது. மொத்தக் காசியையுமே மகா மயானம் என்பார்கள், சிவன் குடியிருக்கிற மயானம், அதில் எந்த மூலைக்குத் தீட்டு, எந்த மூலைக்குத் தீட்டு இல்லை என்று பிரிப்பது? மணிகர்ணிகையிலேயே சிதைகளுக்குப் பக்கத்தில் சக்கர புஷ்கரணி என்ற குளம் இருக்கிறது, விஷ்ணு தன் சக்கரத்தால் தோண்டியது, சிவனுடைய காதணி அதில் விழுந்ததால் மணிகர்ணிகை என்று பெயர் வந்தது என்பது புராணம். உச்சிப் பொழுதில் அங்கே முழுகிவிட்டு விசுவநாதரைப் பார்ப்பதுதான் பழைய முறை. 2021 டிசம்பரில் திறந்த புதிய வளாகத்தில் ஆற்றங்கரையிலிருந்து நேராகக் கோயிலுக்கு ஏறிவிடலாம், அந்த வாசலில் ஆற்றைப் பார்த்து நின்று இடது பக்கம் திரும்பினால் மணிகர்ணிகைப் புகை தெரியும்.

விசுவநாதர் கோயிலில் நம் ஊர்ப் பழக்கத்தை எதிர்பார்க்காதே. இப்போது இருக்கிற கோயிலை 1780 வாக்கில் கட்டியவர் இந்தூர் அரசி அகில்யாபாய், விமானத்துக்குப் பொன் கொடுத்தவர் ரஞ்சித் சிங். மீனாட்சி கோயிலைப் பார்த்த கண்ணுக்கு ரொம்பச் சின்னதாக இருக்கும். லிங்கமும் சின்னதுதான், தரையோடு வெள்ளித் தொட்டி மாதிரி ஒரு சதுரத்துக்குள் இருக்கும். நமக்குக் கர்ப்பக்கிருகத்துக்குள் கால் வைப்பதை நினைத்தே பார்க்க முடியாது, கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று கற்பூர ஆரத்தியைத் தொட்டு ஒற்றிக்கொள்வதோடு சரி. அங்கே குறிப்பிட்ட நேரங்களில் உள்ளே விட்டு லிங்கத்தைத் தொடவே விடுவார்கள். முதல் தடவை என் முறை வந்தபோது நான் கையை நீட்டிவிட்டுப் பின்னால் இழுத்துக்கொண்டேன். பின்னாலிருந்த கிராமத்து அம்மா ஒருவர் என் மணிக்கட்டைப் பிடித்து அழுத்தி வைத்தார், ஈரமும் பாலுமாக, வில்வ இலைக்கு அடியில், கல் ஜில்லென்று இருந்தது. நாற்பது வருடம் தள்ளி நின்று கும்பிட்டுவிட்டு அப்படித் தொட்டால் என்ன ஆகும் என்று சொல்லத் தெரியவில்லை எனக்கு. போனும் பையும் உள்ளே விடமாட்டார்கள், அறையிலேயே வைத்துவிட்டுப் போவது உத்தமம், பூக்கடையில் லாக்கர் இலவசம் என்பார்கள், அதற்கும் சேர்த்துத் தட்டில் விலை ஏறியிருக்கும்.

விசுவநாதருக்கு முன்னால் காலபைரவரைப் பார்த்துவிடு, அவர்தான் அந்த ஊரின் கோத்வால், காவல் அதிகாரி. யமன் வராத ஊரில் கணக்குத் தீர்ப்பவர் அவர் என்று நம்பிக்கை. மயில்தோகையால் முதுகில் தட்டி, கறுப்புக் கயிறு தருவார்கள், அதுதான் நம் வீடுகளில் கையில் கட்டும் காசிக்கயிறு. அப்புறம் அன்னபூரணி, விசாலாட்சி. விசாலாட்சி கோயில் நாட்டுக்கோட்டை நகரத்தார் பராமரிப்பில் இருக்கிறது, உள்ளே போனதும் நம் ஊர்க் கோயில் மாதிரியே இருக்கும். கோதௌலியா அருகே அவர்கள் சத்திரம் இருக்கிறது, அங்கிருந்து தினமும் விசுவநாதருக்குப் பூஜைப் பொருட்கள் போகின்றன, பல தலைமுறையாக.

ஒரு நாள் காலை கேதார் காட்டுக்கு ஒதுக்கு. சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டை அடித்த படிகள், மேலே கேதாரேசுவரர் கோயில், அது திருப்பனந்தாள் காசி மடத்தோடு சேர்ந்த குமாரசாமி மடத்தின் நிர்வாகம், 17ஆம் நூற்றாண்டில் குமரகுருபரர் ஏற்படுத்தியது. கேதார் காட்டுக்கும் அனுமான் காட்டுக்கும் நடுவில்தான் அரிச்சந்திரா காட் என்பதைக் கவனி. காசியில் தமிழர்கள் தலைமுறை தலைமுறையாகக் குடியிருந்தது மயானத்தின் இரண்டு பக்கமும்தான். தந்தை இறந்த பிறகு 1898இல் அத்தை வீட்டுக்கு வந்த பாரதி தங்கியதும் அனுமான் காட்டில், பதினைந்து பதினாறு வயதுப் பையன், நான் கேட்ட அதே "ராம் நாம் சத்ய ஹை" அவர் காதிலும் விழுந்திருக்கும். அந்தச் சந்தில் தமிழில் வழி கேட்டால் தமிழில் பதில் வரும், உனக்கு இப்போது அது வேண்டும் என்று நினைக்கிறேன்.

அம்மாவிடம் நாளைக்குத் திரும்பப் பேசு. போகும்போது கங்கைச் சொம்பு இரண்டு வாங்கிக்கொள், வாய் மூடி ஈயப்பற்று வைத்த சின்னச் செம்புச் சொம்பு, அன்னபூரணி கோயில் சந்திலேயே கிடைக்கும், உள்ளே தண்ணீர் இருக்கிறதா என்று காதருகே ஆட்டிப் பார்த்து வாங்கு. உன் அம்மா எவ்வளவு கோபத்தில் இருந்தாலும் அதை வாங்கிப் பூஜை அறையில் மேல்தட்டில் வைத்துவிடுவார். எங்கள் வீட்டில் பாட்டி கொண்டுவந்த சொம்பு முப்பது வருடம் அப்படி இருந்தது. பாட்டிக்கு மூச்சு வாங்க ஆரம்பித்த ராத்திரி அப்பாதான் அதை எடுத்து வந்து, ஒரு ஆணியை வைத்து அம்மிக்குழவியால் மெல்லத் தட்டி ஈயத்தை உடைத்தார். உள்ளே பாதிதான் இருந்தது. துளசி போட்டு, ஸ்பூனால் மூன்று தடவை கொடுத்தோம், மூன்றாவது தடவை விழுங்கவில்லை.